மின்தடையை அளந்த ஆசிரியர்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவர் வாழ்ந்தார். முறையான கல்வி பெற வாய்ப்பில்லாத அவர், நூல்களைத் தாமே பயின்று கணிதத்தில் தேர்ச்சி பெற்றார். தம் ஆண்மக்கள் இருவருக்கும் வீட்டிலேயே உயர்கணிதம் கற்பித்தார். இளையவர் மார்ட்டின் கணிதப் பேராசிரியரானார். 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் பிறந்த மூத்தவரே ஜார்ஜ் சைமன் ஓம்.

பத்து வயதில் தாயை இழந்த ஓம், 1805இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நடனமும் பனிச்சறுக்கும் பில்லியர்ட்ஸ் ஆட்டமும் அவரைப் பெரிதும் ஈர்த்தன. தந்தை சினம் கொண்டார். பட்டறை வருவாயில் மகனைப் படிக்க வைத்தவர் சினந்ததில் வியப்பில்லை. ஒன்றரை ஆண்டில் படிப்பு நின்றது. ஓம் சுவிட்சர்லாந்து சென்று பள்ளியொன்றில் கணிதம் கற்பித்தார். ஓய்வு நேரத்தில் தாமே பயின்றார். 1811இல் ஊர் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் பல்கலைக்கழகத்தில் தக்க ஊதியம் கிடைக்கவில்லை. மீண்டும் பள்ளி ஆசிரியப் பணியே வாய்த்தது.

1817இல் அவர் வடிவியல் நூல் ஒன்றை வெளியிட்டார். அவ்வாண்டே கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைத்தது. அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. பாடவேளை முடிந்தபின் ஓம் அங்கே ஆய்வில் மூழ்கினார். மின்னோட்டத்தைக் கம்பி எவ்வளவு தடுக்கிறது? இதுவே அவர் விடை தேடிய வினா.

அந்நாளில் வோல்ட், ஆம்பியர் என்னும் அலகுகளே வகுக்கப்படவில்லை. அளவுகோல் இல்லாத ஒன்றை அவர் அளக்க முயன்றார். ஓடும் மின்னோட்டம் அருகிலுள்ள காந்த ஊசியைத் திருப்பும் என்பது 1820இலேயே அறியப்பட்டிருந்தது. ஓம் காந்த ஊசியொன்றை மெல்லிய உலோக இழையில் தொங்கவிட்டார். மின்னோட்டத்தால் விலகிய ஊசியைப் பழைய நிலைக்குக் கொணர இழையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அம்முறுக்கமே மின்னோட்டத்தின் அளவாயிற்று.

முதலில் அவர் பயன்படுத்திய மின்கலங்களின் ஆற்றல் ஆய்வின் நடுவிலேயே ஏறி இறங்கியது. அதனால் 1825இல் அவர் வெளியிட்ட சூத்திரம் பிழையாயிற்று. போகன்டார்ஃப் என்னும் அறிஞர் வேறொரு வழியைக் காட்டினார். பிஸ்மத், செம்பு ஆகிய இரு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால் மாறாத மின்னழுத்தம் கிடைக்கும். ஓம் அவ்வாறே செய்தார். ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்தார். கம்பி நீள நீள மின்னோட்டம் குறைந்தது. அக்குறைவு ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தது. 1826இல் விதி தெளிவாயிற்று. வெப்பநிலை மாறாதவரை, கடத்தியில் பாயும் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்.

நம் வீட்டு இணைப்பில் மின்னழுத்தம் 230 வோல்ட். இஸ்திரிப் பெட்டி ஒன்று 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுப்பதாகக் கொள்வோம். 230ஐ 5ஆல் வகுக்க, அதன் மின்தடை 46 ஓம். அவ்விரு எண்களையே பெருக்கினால் 1150 வாட் என்னும் மின்திறன் கிடைக்கும்; அப்பெட்டி ஒரு மணி நேரத்தில் 1.15 யூனிட் மின்சாரம் செலவிடும். ஆனால் மின்திறனுக்கான வாய்பாட்டை ஓம் தரவில்லை. மின்னோட்டம் கம்பியில் எவ்வளவு வெப்பத்தை எழுப்பும் என்பதைப் பின்னர் ஆராய்ந்து கூறியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜூல்.

நூல் எழுதும்பொருட்டு ஓம் பாதிச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்பு எடுத்துப் பெர்லின் சென்றார். 1827இல் மின்சுற்றைக் கணித முறையில் விளக்கும் அவருடைய நூல் வெளிவந்தது. பல்கலைக்கழகப் பதவியை அது பெற்றுத் தரும் என்று அவர் நம்பினார். கணிதம் மிகுந்த அந்நூல் பலருக்கு விளங்கவில்லை. சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தனர். மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் பள்ளிப் பணியைத் துறந்தார். நல்ல ஆய்வுக்கூடமும் நிலையான ஊதியமும் அதனோடு போயின. அப்போது அவருக்கு வயது 39. பெர்லினில் சிறிய ஊதியத்திற்குக் கணிதம் கற்பித்துச் சில ஆண்டுகளைக் கழித்தார். 1833இல்தான் நியூரம்பெர்க் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் பதவி கிடைத்தது.

முதற்பெரும் பாராட்டு அயல்நாட்டிலிருந்தே வந்தது. 1841இல் இலண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. விதியைக் கண்டு அப்போது பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் இளமை முதல் விரும்பிய இயற்பியல் பேராசிரியர் பதவி மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1852இல் கிட்டியது. அதில் இரண்டு ஆண்டுகளே பணியாற்றி, 1854 ஜூலை 6ஆம் நாள் மறைந்தார்.

1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை ஏற்றது. அவர் பெயரின் முதலெழுத்து சுழியம் போலத் தோன்றிக் கணக்கில் குழப்பம் தரும். ஆகவே கிரேக்க எழுத்தான ஒமேகா அதன் குறியீடாக வழங்குகிறது.