பழைய தகவலுக்கு இடம் தராத தளபதி

கிள்ளானில் வீட்டு வாசலில் நின்றபடியே, தலைக்கு மேல் போகும் விமானம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று கைப்பேசிச் செயலியில் பார்த்துவிடலாம். விமானம் தன் இருப்பிடத்தை வானலையில் ஓயாமல் அறிவிக்கிறது. கணினிகள் அதைத் திரட்டிக் காட்டுகின்றன. இப்படிப்பட்ட கணினிகள் எதுவும் இல்லாத 1940இல், இதே வேலையை மனிதர்களை வைத்தே செய்தவர் ஹியூ டௌடிங்.

1882இல் ஸ்காட்லாந்தின் மோஃபாட் நகரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பீரங்கிப் படையில் சேர்ந்து இலங்கை, ஹாங்காங், இந்தியா எனப் பணியாற்றி, 1913இல் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றார். கலகலப்பாகப் பழகத் தெரியாதவர். மனைவி 1920இல் இறந்துவிட, கைக்குழந்தையோடு தனித்து நின்றார்.

1935இல் ராடார் பற்றிய யோசனை வந்தபோது, டௌடிங் கணக்குகளைப் பார்த்து மயங்கவில்லை. முதலில் செய்து காட்டுங்கள் என்றார். சோதனை வெற்றி பெற்ற பிறகே பணத்துக்குச் சம்மதித்தார். மறு ஆண்டு பிரிட்டனின் போர்விமானப் படைக்குத் தலைவரானார்.

அங்கேதான் உண்மையான சிக்கல். ராடார் கடல் பக்கம் மட்டுமே பார்த்தது. எதிரி விமானங்கள் கரையைத் தாண்டிவிட்டால், சுமார் 30,000 தொண்டர்கள் கண்ணாலும் காதாலும் கண்காணித்துத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஒரே விமானக் கூட்டத்தை இரண்டு நிலையங்கள் இரண்டு இடங்களில் காட்டும். எதை நம்புவது? லண்டனுக்கு அருகே பென்ட்லி பிரையரி மாளிகையில் இதற்கென்றே ஒரு வடிகட்டும் அறையை அமைத்தார். வந்த தகவல்களை ஒப்பிட்டு, ஒன்றை இரண்டாக எண்ணாமல் திருத்திய பிறகே மற்ற தளங்களுக்கு அனுப்பினார்கள். அங்கு வரைபட மேசையைச் சுற்றி நின்றவர்களில் பலர் நம் வயதுப் பெண்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கிருந்த கடிகாரம். முதல் உலகப் போர்க் காலத்து யோசனை அது. அதன் முகப்பு ஐந்து ஐந்து நிமிடங்களாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பிரிக்கப்பட்டிருக்கும். நிமிட முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ, அந்த நிறக் காய்தான் மேசையில் வைக்கப்படும். ஆகவே எந்தத் தகவல் புதியது, எது பழசாகிவிட்டது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பழைய காய்களை உடனே எடுத்துவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு முன் இருந்த இடத்துக்கு விமானிகளை அனுப்பினால் வெறும் வானம்தான் இருக்கும். எரிபொருளும் வீண், கீழே ஊரும் எரியும்.

மேசையில் படைப்பிரிவுகளின் எண்கள்தான் இருக்கும், பெயர்கள் இருக்காது. 74ஆம் பிரிவில் பறந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் டௌடிங்கின் மகன் டெரிக். அவர் உயிரோடு திரும்பினார்.

ஜெர்மனியால் பிரிட்டன் வானத்தைக் கைப்பற்ற முடியவில்லை. ஆனாலும் போர் உத்தி பற்றிய சண்டைக்குப் பிறகு, அதே 1940 நவம்பரில் டௌடிங் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. 1970இல் அவர் இறந்தபோது, அஸ்தியை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைத்தார்கள்.