கூட்டுக்கு ஓர் இடம்: டாக்டர் சலீம் அலி வரலாறு

பறவைகளுக்காகவே வாழ்ந்த டாக்டர் சலீம் அலி, 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி வளர்த்தார்.

எட்டு ஆண் குருவிகள்

சிறுவன் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி. குதிரை லாயச் சுவரின் துளையில் பெண் சிட்டுக்குருவி அடைகாக்க, வாசலில் ஆண் குருவி காவல் இருந்தது. அதைச் சுட்டான். விரைவிலேயே வேறோர் ஆண் வந்து அமர்ந்தது. ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள் பலியாயின. கண்டதைச் சிறுவன் குறித்து வைத்தான்.

துணை போனால் வேறு துணை வந்தது. அந்தத் துளையை அடைத்திருந்தால்? குருவிக் குடும்பமே இல்லை.

வேலை போயிற்று

பிழைப்புக்காக அவர் பர்மா சென்றார். திரும்பிவந்து, 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வேலை பெற்றார். ஜெர்மனியில் பறவை இயல் பயின்று 1930-ல் வந்தபோது அந்த வேலையே இல்லை. பணமில்லை என்று நீக்கிவிட்டார்கள். கடலோரக் கிராமமான கீகிமுக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்துப் பிடித்த பிறகே மீதி வேலை நடக்கும் என்று கண்டார். குருவிக்கும் வீடு பிடித்தால்தான் குடித்தனம்!

பரத்பூர் ஏரியை வயலாக்க முயன்றபோது, அதைக் காக்க நேருவிடம் முறையிட்டார். அந்த ஏரி 1985-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நம் பக்கத்தில்

1900-க்குப் பிறகு காணாமற்போன 'கலிவி கோடி' பறவையை, அவர் வளர்த்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1986-ல் கடப்பை மாவட்டத்தில் மீண்டும் கண்டனர். சென்னைக்குத் தண்ணீர் தரும் தெலுங்கு கங்கைக் கால்வாயே அதன் முட்காட்டை விட்டு விலகிச் சென்றது. மறு ஆண்டு ஜூன் 20-ல் சலீம் அலி மறைந்தார்.

இன்று திருப்பதி மாவட்டத்து நேலப்பட்டு ஏரியில், நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடா கூடு கட்டுகிறது. அந்த மரங்கள் இருக்கும் வரைதான் அது வரும்.

நம்மால் ஆவது

சித்தூரிலும் திருப்பதியிலும் ஓட்டு வீடுகள் போய்க் கான்கிரீட் வீடுகள் எழுகின்றன. அவற்றில் குருவிக்குப் பொந்து இல்லை. ஒரு மரப்பெட்டியில் ஒன்றேகால் அங்குலத் துளையிட்டு, வெயிலும் மழையும் நேரே படாமல், பூனைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டலாம். குஞ்சு இருக்கையில் திறந்து பார்க்கக் கூடாது. அருகில் புதர்ச் செடியும் வேண்டும். குஞ்சுக்குப் புழு பூச்சிதான் உணவு.

வெளியூரில் வாடகை வீடு தேடி அலைந்த நமக்கு, இடமில்லாத குருவியின் தவிப்பு புரியாதா?