மணிகளால் கணக்குச் சொன்ன மரியா மாண்டிசோரி

மாண்டிசோரி என்றதும் டவுனில் உள்ள பெரிய பெரிய ஸ்கூல் போர்டுகள்தான் நமக்கு ஞாபகம் வரும். ஃபீஸைக் கேட்டாலே நம்ம வீடுகளில் தலை சுற்றும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம்மைப் போல டெக்னிக்கல் படிப்பு படித்தவர், கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தாலியில் 1870 ஆகஸ்ட் 31 அன்று பிறந்தார் மரியா மாண்டிசோரி. கணக்கில் அப்படியொரு ஆசை. 1883-ல் ரோம் நகரில், பெரும்பாலும் பையன்களே படித்த தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். இன்ஜினியர் ஆவதுதான் கனவு. பிறகு மனசு மாறி மருத்துவம் படித்து 1896-ல் டாக்டர் ஆனார். நம்ம துறைக்கு ஓர் ஆள் நஷ்டம்!

மனநல விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்த, மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளைத்தான் முதலில் கவனித்தார். கையில் பொருளைக் கொடுத்துப் பழக்கியதும் அவர்களில் சிலர் மற்ற பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். எல்லோரும் பாராட்ட, இவருக்கு வேறு கவலை வந்தது. அப்படியானால் நல்லா இருக்கிற பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்கள் என்னதான் செய்து வைத்திருக்கின்றன?

1907 ஜனவரி 6. ரோமில் சான் லோரென்சோ என்ற தொழிலாளர் பகுதி. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். குடியிருப்பைப் புதுப்பித்த கம்பெனிக்கு அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. கம்பெனிக்குச் சுவர்தான் கவலை என்று எனக்குத் தோன்றுகிறது. மாண்டிசோரிக்கோ அதுவே ஆராய்ச்சிக்கூடம். நோயாளியைக் கவனிக்கும் டாக்டர் மாதிரி, பிள்ளைகள் எதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று பார்த்தார். அவர்கள் தொடாத பொருளை வகுப்பிலிருந்தே எடுத்துவிட்டார்.

அவர் கணக்குச் சாமான்களைக் கேளுங்கள். 10 மரக்கோல்கள், சின்னது 10 சென்டிமீட்டர், பெரியது 1 மீட்டர். ஒன்று, இரண்டு என்பது வாயால் ஒப்பிக்கும் பாட்டு இல்லை, கையில் தூக்கிப் பார்க்கிற நீளம். ஒரு மணி 1. பத்து மணி கோத்த கம்பி 10. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் 100. பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் 1000. பூஜ்யத்துக்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தார். என்னிடம் பூஜ்யம் தடவை வா என்று குழந்தையைக் கூப்பிடுவார். அது ஓடி வந்துவிட்டுத் திரும்பும். நீ ஒரு தடவை வந்துவிட்டாயே என்பார். குழந்தை திகைக்கும். பிறகுதான் விளங்கும், அசையாமல் நிற்பதுதான் பூஜ்யம் என்று.

ஏ ப்ளஸ் பி ஹோல் கியூப் ஃபார்முலாவை நாம் மனப்பாடம் செய்தோமே, அதை அவர் 8 மரக்கட்டைகளாக ஒரு பெட்டியில் வைத்தார். பெரிய கனசதுரம் ஒன்று, சின்னது ஒன்று, இடையில் மூன்று மூன்றாக ஆறு கட்டைகள். ஃபார்முலாவில் அந்த 3 ஏன் வருகிறது என்று எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் காட்டவில்லை. அங்கே நாலு வயசுப் பிள்ளை பேர் தெரியாமலே அதை அடுக்கி மூடியது!

எங்க வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அப்பா கொத்தனார். கொட்டிக் கிடக்கும் மணலைப் பார்த்தே எத்தனை யூனிட் என்று சொல்லுவார். ஆனால் ஒரு யூனிட் 100 கன அடி என்று எழுதிக் காட்டினால், தனக்குக் கணக்கு வராது என்று ஒதுங்கிக்கொள்வார். சின்ன வயசில் அவர் கையில் அந்த மணிகள் கிடைத்திருந்தால்?

இன்னொரு விஷயம். ஊர்ப் பிள்ளைகளைக் கவனித்த மாண்டிசோரியால் தன் மகன் மரியோவைப் பல வருஷம் கூட வைத்திருக்க முடியவில்லை. கல்யாணம் ஆகாமல் பெற்ற பிள்ளை. கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். மறைப்பானேன்? வளர்ந்தபின் அந்த மகன்தான் அம்மாவுக்குத் துணையானார்.

1939-ல் இருவரும் நம்ம சென்னை அடையாறுக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வந்தார்கள். 1940-ல் இத்தாலி போரில் இறங்கவும் ஆங்கிலேய அரசுக்கு எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவைப் பிடித்து முகாமில் வைத்தார்கள். அம்மாவின் 70-வது பிறந்த நாளை ஒட்டி விட்டார்கள். பிறகு கொடைக்கானலில் சில வருஷம். அங்கேயும் சின்னப் பிள்ளைகளைக் கவனிக்கிற வேலைதான்.

1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார். 1990-ல் இத்தாலி தன் 1000 லிரா நோட்டில் அவர் படத்தைப் போட்டது. 2002-ல் யூரோ வந்ததும் அந்த நோட்டு போய்விட்டது. 1000 மணி கோத்த கனசதுரம் மட்டும் இன்றும் பிள்ளைகள் கையில் இருக்கிறது.