ராண்ட்ஜனும் பொய் வளையங்களும்

எக்ஸ்ரே என்ற பெயரைக் கேளாதார் இன்று அரியர். அக்கிரணங்களைக் கண்டறிந்த ஜெர்மானியப் பேராசிரியர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜனின் சரித்திரமோ சிலருக்கே தெரியும். 1845-ம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி, லென்னெப் என்னும் ஊரில், துணி வியாபாரி ஒருவரின் ஏக புத்திரராக அவர் பிறந்தார். மூன்றாம் வயதில் குடும்பம் ஹாலந்து தேசத்தில் குடியேறிற்று.

உட்ரெக்ட் நகரப் பள்ளியில் படிக்கையில், ஆசிரியர் ஒருவரைப் பரிகசித்து வேறொரு மாணவன் சித்திரம் வரைந்தான். பழி ராண்ட்ஜன்மீது விழுந்தது. வரைந்தவன் பெயரைச் சொல்ல மறுத்ததால் அவர் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். தோழனைக் காட்டிக் கொடாமைக்கு அவர் கொடுத்த விலை சாமான்யமானதன்று. பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாமையால் ஸர்வகலாசாலைக் கதவுகள் அடைபட்டன. நுழைவுப் பரீட்சை தேறி, 1865-ல் ஜூரிச் பாலிடெக்னிக்கில் சேர்ந்து யந்திரக்கலை பயின்று, 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னரும் வூர்ஸ்பர்க் ஸர்வகலாசாலை அந்தப் பழைய குறையையே காட்டி அவருக்கு ஆசிரியத் தகுதி அளிக்க மறுத்தது. அதே ஸர்வகலாசாலைதான் 1888-ல் அவரைப் பௌதிகப் பேராசிரியராக வரவழைத்து, 1894-ல் தன் தலைமைப் பீடத்திலும் அமர்த்தியது!

1895 நவம்பர் 8-ந் தேதி மாலை, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயொன்றைக் கறுப்பு அட்டையால் மூடி, அதனுள் மின்சாரம் செலுத்திக்கொண்டிருந்தார். ஒளி சிறிதும் வெளிவர வழியில்லை. ஆயினும் சற்றுத் தூரத்திலிருந்த, பேரியம் உப்புப் பூசிய திரை மினுங்கிற்று. வேறொருவராயின் மறுநாளே பத்திரிகைகளுக்கு அறிவித்திருப்பார். ராண்ட்ஜனோ ஏழு வாரம் வாய் திறக்கவில்லை. கண்டது இயற்கையின் குணமா, கருவியின் தோஷமா, கண்ணின் மயக்கமா என்ற சந்தேகம் தீரும்வரை சோதனைக்கு மேல் சோதனை செய்தார். ஆயிரம் பக்கப் புத்தகம், மரம், அலுமினியம் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வைத்துப் பார்த்தார். ஒன்றரை மில்லிமீட்டர் ஈயத்தகடு கிரணங்களை ஏறக்குறைய முழுதும் தடுத்தது. கண் ஏமாறக்கூடுமென்று போட்டோத் தகடுகளிலும் பதித்துச் சரிபார்த்தார். டிசம்பர் 22-ந் தேதி அவர் மனைவியாரின் கை எலும்புகளும் மோதிரமும் தகட்டில் விழுந்தன. 28-ந் தேதியே கட்டுரையை வெளியீட்டுக்கு அளித்தார்.

1901-ல் பௌதிகத்திற்கான முதல் நோபெல் பரிசு அவரை அடைந்தது. அத்தொகையை வூர்ஸ்பர்க் ஸர்வகலாசாலைக்கே கொடுத்துவிட்டார். பிரபு பட்டத்தை மறுத்தார். கிரணங்களுக்குப் பேடண்ட் உரிமை பெற்றுக் கோடீசுவரராகும் மார்க்கம் திறந்திருந்தும் அதை நாடவில்லை. ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளும் அந்தக் கிரணங்களைக் காலதாமதமின்றிக் கையாள முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்பது நம் கருத்து. முதல் யுத்தத்திற்குப் பிந்திய பணவீக்கம் அவர் சேமிப்பைக் கரைத்தது. 1923 பிப்ரவரி 10-ந் தேதி மூனிக் நகரில் குடற்புற்று நோயால் காலமானார்.

தமது வேட்டைத் துப்பாக்கியையும் 1896-ல் அவர் படமெடுத்தார். குழலின் உலோகத்திலிருந்த குறை அதில் தென்பட்டது. ஆனால் எக்ஸ்ரே படம் நிழற்படமே; முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உட்புறத்தைத் துண்டு துண்டாகத் திரும்பப் படைக்கலாமென்பதற்கான கணிதத்தை, ஆஸ்திரியர் யோஹான் ராடான் 1917-ல் வெளியிட்டார். 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் யந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. இன்று மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு அளவுள்ள நுண்பொருளும் இம்முறையில் தெரிகிறது.

இங்கேதான் ராண்ட்ஜனின் பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்குகிறது. நுண்படங்களில், பொருளில் இல்லாத வளையங்கள், குளத்தில் கல்லெறிந்தாற்போல, ஒன்றுக்குள் ஒன்றாகத் தோன்றுகின்றன. பொருள் சுழல்கிறது, கிரணத்தை வாங்கும் தகடு அசையாதிருக்கிறது. அத்தகட்டின் லக்ஷக்கணக்கான அணுக்கண்களில் ஒன்று சற்றே மந்தமாயிருப்பினும், ஒரு தூசு படிந்திருப்பினும், அப்பிழை எல்லாக் கோணங்களிலும் அதே இடத்தில் பதியும். ஒரே வரிசையின் பதிவுகளைக் கோண வரிசையில் அடுக்கினால் அது நேர்கோடாகத் தெரியும். கணக்கிட்டுப் படமாக்கினாலோ சுழலச்சைச் சுற்றிய வளையமாகிவிடும்.

பரிகாரம் பலவுண்டு. பொருளை வைக்காமல் வெறுங்கிரணத்தைப் படமெடுத்து, அதனால் ஒவ்வொரு படத்தையும் வகுப்பது முதற்படி. கிரணத்தின் பலம் நேரத்துக்கு நேரம் மாறுவதால் அது மட்டும் போதாது. படத்துக்குப் படம் தகட்டைச் சிறிது நகர்த்தினால், பிழை ஓரிடத்தில் குவியாமல் சிதறிப்போகும். அடுக்கிய பதிவில் நேர்கோட்டைக் கணிதத்தால் பிரித்தெடுப்பதே மிக வழக்கமான உபாயம். ஆயினும் இதில் அபாயமுண்டு. அச்சைச் சுற்றி உண்மையாகவே வளைந்திருக்கும் பாகமும், ஒரு குழாயின் சுவரோ, ஒரு நுண்ணிய விரிசலோ, வளையத்தோடு மறைந்துபோகலாம். அழகான படம் பொய் சொல்லும்; வளையமுள்ள படத்திலோ பிழை கண்ணுக்குத் தெரிந்தாவது நிற்கும். ஆகையால் கவனமுள்ள ஆராய்ச்சியாளர் திருத்தாத மூலப் பதிவுகளை அழிப்பதில்லை. ராண்ட்ஜனின் குறிப்புகளும் கடிதங்களுமோ அவர் விருப்பப்படியே, அவர் இறந்தபின் எரிக்கப்பட்டன.