ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பொள்ளாச்சியில் ஒற்றைப் பேருந்துடன் தொடங்கிய இவரது வாழ்க்கை, ஒரு தொழிலின் விளைபொருள் மற்றொரு தொழிலின் மூலப்பொருளாக அமையும் கொங்கு நாட்டுத் தொழிற்பின்னலின் வளர்ச்சியோடு இணைந்தது.

இளமை

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக் கல்வியில் நாட்டம் கொள்ளவில்லை. ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த இவர், உணவு விடுதியில் பணியாற்றிச் சேர்த்த பணத்தில் அதனை வாங்கினார்; பின்னர் அதைப் பிரித்துப் பூட்டி இயந்திர நுட்பம் கற்றார்.

போக்குவரத்துத் தொழில்

1920-இல் பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இதற்கு உதவிய இராபர்ட் ஸ்டேன்ஸ், 1888-இல் கோவையின் முதல் நூற்பாலையை நிறுவியவர். நாயுடுவின் யு. எம். எஸ். நிறுவனம் விரைவில் பெரிதாக வளர்ந்தது. பேருந்துகள் பெருகப் பெருகப் பழுதுநீக்கும் பட்டறைகளும் கடைசல் வேலையறிந்த தொழிலாளர்களும் தேவைப்பட்டனர்.

மின் மோட்டாரும் தொழிற்பிணைப்பும்

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியபின் கோவைப் பகுதிக்கு மின்சாரம் கிடைத்தது. 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டின் நேசனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் வாயிலாக மின் மோட்டாரை உருவாக்கினர். இது இந்தியாவில் தயாரிக்கப்பட்ட முதல் மின் மோட்டாராகக் குறிப்பிடப்படுகிறது.

மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கு மோட்டார் பொருத்திய பம்புகள் வந்தன. பம்புக்கு வார்ப்பிரும்பு வேண்டியிருந்ததால் வார்ப்படப் பட்டறைகள் பெருகின. கிணற்று நீரில் விளைந்த பருத்தி நூற்பாலைக்குச் சென்றது. நூற்பாலையின் உதிரி பாகங்கள் அதே பட்டறைகளில் வார்க்கப்பட்டன. பின்னாளில் மாவரைக்கும் கிரைண்டரும் இம்மோட்டாரின் வாடிக்கையானது.

தொழில்களுக்கிடையேயான இத்தகைய கொள்முதலை அட்டவணையாக்கி ஆராய்ந்த வாசிலி லியோன்டியெஃப் 1973-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இவ்வகைப் பின்னல்களில் சில தொழில்கள் மட்டும் பல தொழில்களுக்கு வழங்கும் கணுக்களாக அமைகின்றன. கோவையில் வார்ப்படமும் மோட்டாரும் அவ்வாறு அமைந்தன. ஆலைத் தொழில் நலிந்தாலும் பம்புத் தொழில் பட்டறைகளைத் தாங்கக்கூடும். ஆனால் மின்சாரம் தடைப்பட்டால் அனைத்தும் ஒருங்கே பாதிக்கப்படும்.

தடைகள்

1952-இல் குறைந்த விலையில் இருவர் அமரும் சிற்றுந்தை உருவாக்கினார். அரசு உரிமம் கிடைக்காததால் அது சந்தைக்கு வரவில்லை. எனவே உதிரி பாகம் செய்யும் பட்டறைகளுக்கு அதனால் கிடைத்திருக்கக்கூடிய புதிய கணு ஒன்று உருவாகாமற் போனது.

கல்விப் பணி

1945-இல் தொடங்கப்பட்ட ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியின் தோற்றத்தில் முதன்மைப் பங்காற்றினார். அது பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியானது. பொறியியல் படிப்பின் காலத்தைக் குறைத்துப் பட்டறைப் பயிற்சியை மிகுதியாக்க வேண்டும் என்னும் இவரது கருத்து ஏற்கப்படாததால் கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகினார்.

மறைவும் நினைவும்

1974-இல் காலமானார். கோவை அவினாசி சாலையில் இவர் பெயரிலான அருங்காட்சியகம் உள்ளது. அச்சாலையில் 2025-இல் திறக்கப்பட்ட மேம்பாலத்திற்கும் இவரது பெயர் சூட்டப்பட்டது.