எஃப்.எம். தந்த மேஜர் ஆம்ஸ்ட்ராங்

நம் எலெக்ட்ரானிக்ஸ் பிராஞ்ச் நண்பர்கள் எல்லோரும் பரீட்சையில் ஒரு முறையாவது போட்டிருக்கும் பிளாக் டயகிராம் ஒன்று உண்டு. ஒரு கிரிஸ்டல் ஆஸிலேட்டர், பக்கத்தில் பேலன்ஸ்டு மாடுலேட்டர், 90 டிகிரி ஃபேஸ் ஷிஃப்ட், கடைசியில் வரிசையாக ஃப்ரீக்வென்ஸி மல்டிப்ளையர்கள். ஆம்ஸ்ட்ராங் முறை எஃப்.எம். என்று தலைப்பு. கட்டம் கட்டமாக மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கினோம். யார் இந்த ஆம்ஸ்ட்ராங்? நிலாவில் இறங்கியவர் இவர் இல்லை. டிரம்பெட் வாசித்தவரும் இல்லை. சிலபஸில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது, கதை இல்லை. இந்த மலரில் அந்தக் கதையைச் சொல்லலாம் என்று ஆசை.

எட்வின் ஹோவர்டு ஆம்ஸ்ட்ராங் 1890 டிசம்பர் 18-ல் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை புத்தகப் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்தவர், தாய் ஆசிரியையாக இருந்தவர். சிறுவயதில் வந்த நரம்பு நோயினால் இரண்டு வருடம் பள்ளிக்கூடமே போகவில்லை. கழுத்தும் தோளும் வெட்டி இழுக்கும் பழக்கம் கடைசிவரை நிற்கவில்லை. பிறகு குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையில் யோங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனது. மார்க்கோனியைப் பற்றிப் படித்த பையன் தானும் கண்டுபிடிப்பாளன் ஆவதென்று பதினான்கு வயதிலேயே முடிவு கட்டிவிட்டான். வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரத்துக்குத் தானே ஒரு ஆண்டெனா கம்பம் நட்டு, அதன் உச்சிவரை ஏறி இறங்கினான். உயரம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பித்து.

1909-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். மோட்டார் சைக்கிளில்தான் தினமும் காலேஜுக்குப் போய்வருவார். அங்கே ஆசிரியராக இருந்தவர் மைக்கேல் பூப்பின். டெலிபோன் லைனில் லோடிங் காயில் போட்டாரே, அவரேதான். அந்தக் காலத்தில் லீ டி ஃபாரஸ்ட் கண்டுபிடித்த ஆடியான் என்ற மூன்று எலெக்ட்ரோடு வால்வு கடையில் கிடைத்தது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது கண்டுபிடித்தவருக்கே சரியாக விளங்கவில்லை. மூன்றாம் வருட மாணவர் ஆம்ஸ்ட்ராங் அதை அளந்து அளந்து பார்த்தார். 1912-ல் பிளேட் பக்கத்து சிக்னலில் கொஞ்சத்தை எடுத்துத் திரும்ப கிரிட்டுக்கே கொடுத்தார். காதில் மாட்டிக் கேட்டால் மட்டுமே கேட்ட தூரத்து ஸ்டேஷன்கள் அறை முழுக்க ஒலித்தன. பாஸிட்டிவ் ஃபீட்பேக் என்று நாம் ரெக்கார்டு நோட்டில் எழுதுவது இதுதான். இன்னும் கொஞ்சம் கூட்டினால் வால்வு தானே ஊளையிட ஆரம்பிக்கும். அதாவது டிரான்ஸ்மிட்டர் ஆகிவிடும். ஒரே சர்க்யூட்டில் இரண்டு வரம்.

பேட்டண்ட் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டார். முதலில் பட்டம் வாங்கு என்பது அப்பாவின் கட்சி. (எந்த ஊர் அப்பாவானாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.) வேறு வழியில்லாமல் 1913 ஜனவரி 31-ல் சர்க்யூட் படத்தை மட்டும் ஒரு நோட்டரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வைத்தார். பேட்டண்ட் விண்ணப்பம் போனது அந்த வருடம் அக்டோபரில்தான். அந்தச் சில மாத இடைவெளிக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. தானும் 1912-லேயே இதைக் கண்டுவிட்டதாக டி ஃபாரஸ்ட் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட், மேல்கோர்ட் என்று ஏறி இறங்கிக் கடைசியில் 1934-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்கே தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகளுக்கு சர்க்யூட் புரியவில்லை என்பது இன்ஜினியர்கள் பலரின் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது. தீர்ப்பு வந்த சில நாட்களில், ரேடியோ இன்ஜினியர்கள் சங்கம் இதே கண்டுபிடிப்புக்காக முன்பு கொடுத்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் பிலடெல்பியா மாநாட்டுக்குப் போனார். சங்கம் வாங்க மறுத்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சட்டம் கொடுக்காததைத் தொழில் தெரிந்தவர்கள் கொடுத்தார்கள்.

நடுவில் முதல் உலகப் போர். பாரிஸில் ராணுவ சிக்னல் பிரிவில் இருந்தபோது, 1918-ல் சூப்பர்ஹெட்ரோடைன் ரிசீவரை உருவாக்கினார். வரும் அலைவரிசை எதுவானாலும் உள்ளேயே உண்டாக்கும் இன்னொரு அலையோடு கலந்து, ஒரே நிலையான அலைவரிசைக்கு இறக்கிக்கொண்டு பிறகு பெருக்குவது. லேபில் நாம் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகித் திருகிக் கெடுத்த அந்த 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்.டி. காயில்கள் ஞாபகம் இருக்கிறதா? அவர் போட்ட விதைதான். படையில் பெற்ற மேஜர் பதவி பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது.

காசும் வந்தது. 1922-ல் சூப்பர்ரீஜெனரேஷன் என்ற இன்னொரு சர்க்யூட்டை ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு விற்றதில் 2 லட்சம் டாலரும் 60,000 பங்குகளும் கிடைத்தன. அந்தக் கம்பெனியின் பெரிய தலை டேவிட் சார்னாஃப் இவருக்கு நண்பர். சார்னாஃபின் செகரட்டரி மேரியன் மக்இன்னிஸைத்தான் 1923-ல் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணப் பரிசு என்ன தெரியுமா? கையில் தூக்கிப்போகக்கூடிய ஒரு சூப்பர்ஹெட் ரேடியோ!

இனி எஃப்.எம். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. ஏ.எம். ரேடியோவில் அலையின் உயரத்தைப் பேச்சுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்கிறோம். இடி மின்னலும் மோட்டார் பொறியும் அலையின் உயரத்தையேதான் கெடுக்கும். அதனால் செய்தியும் இரைச்சலும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். உயரத்தைத் தொடாமல் அலைவரிசையை மட்டும் அசைத்தால்? யோசனை பழையதுதான். ஆனால் ஜான் கார்சன் என்ற ஏ.டி.&டி. கணித மேதை, எஃப்.எம்.மினால் பேண்ட்விட்த் மிச்சமாகாது, லாபமும் இல்லை என்று 1922-ல் கட்டுரை எழுதிவிட்டார். நாம் படித்த கார்சன் ரூல் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் கணக்கில் தப்பில்லை. எல்லோரும் அலையைக் குறுகலாக வைத்துக்கொள்ளவே பார்த்தார்கள். ஆம்ஸ்ட்ராங் நேர் எதிராக அகலப்படுத்தினார். 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன், 15 கிலோஹெர்ட்ஸ் ஆடியோ. கார்சன் ரூலில் போட்டுப் பாருங்கள், 180 கிலோஹெர்ட்ஸ் வரும். ஏ.எம். ஸ்டேஷன் ஒன்றுக்கு அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்ஸ்தான் ஒதுக்கீடு. இவ்வளவு இடத்தை வாரிக் கொடுத்து அவர் வாங்கியது நிசப்தம். ரிசீவரில் லிமிட்டர் போட்டு உயரத்தை வெட்டிவிட்டால் இரைச்சலின் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

1933 டிசம்பர் 26-ல் பேட்டண்டுகள் கிடைத்தன. 1934-ல் ஆர்.சி.ஏ. தன் எம்பயர் ஸ்டேட் கட்டட டிரான்ஸ்மிட்டரை சோதனைக்குக் கொடுத்தது. 70 மைல் தூரத்தில், இடி மின்னலுக்கு நடுவிலும் சங்கீதம் சுத்தமாகக் கேட்டது. ஆனால் அடுத்த வருடமே டெலிவிஷன் சோதனைக்கு இடம் வேண்டும் என்று சாமான்களை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஆர்.சி.ஏ.வுக்கு ஏ.எம். ஸ்டேஷன்களில் கொழுத்த வருமானம். டெலிவிஷனில் பெரிய கனவு. நண்பரின் கண்டுபிடிப்பு இரண்டுக்கும் குறுக்கே நின்றது.

மனுஷன் விடவில்லை. 1935 நவம்பரில் நியூயார்க்கில் இன்ஜினியர்கள் கூட்டத்தில் கட்டுரை வாசித்துவிட்டு, யோங்கர்ஸில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து ஒலிபரப்பிக் காட்டினார். டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம், காகிதத்தைக் கசக்கும் சத்தம், அப்படியே பக்கத்தில் நடப்பது மாதிரி. அதுவரை ரேடியோவில் இப்படிக் கேட்டவர் யாருமில்லை. பிறகு சொந்தக் காசு மூன்று லட்சம் டாலருக்கு மேல் போட்டு, நியூஜெர்சி ஆல்பைனில் 425 அடிக் கோபுரம் எழுப்பித் தன் ஸ்டேஷனைத் தொடங்கினார்.

1940-ல் ஆர்.சி.ஏ. மொத்தமாக 10 லட்சம் டாலர் தருகிறோம் என்றது. மற்ற கம்பெனிகள் ராயல்டி கட்டும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் தனிச்சலுகை என்று மறுத்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு மட்டும் ராயல்டி இல்லாமல் கொடுத்தார். போர் முடிந்த கையோடு 1945-ல் அரசாங்கம் எஃப்.எம்.மை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88-108-க்கு மாற்றியது. அதுவரை விற்றிருந்த லட்சக்கணக்கான செட்டுகள் ஒரே உத்தரவில் குப்பையாகப் போயின.

1948-ல் ஆர்.சி.ஏ. மேல் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் இவரை விசாரித்ததே ஏறக்குறைய ஒரு வருடம் இழுத்தது. 1950-ல் பேட்டண்டுகளின் காலமும் முடிந்தது. வந்த செல்வமெல்லாம் வக்கீல் ஃபீஸாகக் கரைந்தது. 1953 நவம்பரில், முன்பு மனைவி பெயரில் எழுதி வைத்த பணத்தைக் கேட்டு வீட்டில் சண்டை. கோபத்தில் மனைவியை அடித்தும்விட்டார். மேரியன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். முப்பது வருட தாம்பத்தியம். 1954 ஜனவரி 31 அன்று மனைவிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஆம்ஸ்ட்ராங் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 63. நோட்டரியிடம் முதல் படத்தைக் காட்டிய அதே தேதி, 41 வருடம் கழித்து.

மேரியன் அந்த வழக்குகளைக் கைவிடவில்லை. ஆர்.சி.ஏ. அந்த வருடக் கடைசியிலேயே பத்தரை லட்சம் டாலருக்கு சமாதானம் பேசியது. முன்பு தர வந்ததும் கிட்டத்தட்ட இதேதான்! மற்ற கம்பெனிகளோடு ஒவ்வொன்றாக மோதி, 1967-ல் கடைசி வழக்கிலும் ஜெயித்தார் அந்த அம்மாள்.

டிஜிட்டல் படித்த இளைய தலைமுறைக்கும் இவர் அந்நியர் இல்லை. பேண்ட்விட்தைக் கொடுத்து இரைச்சலிலிருந்து விடுதலை வாங்கலாம் என்பதை ஊருக்கே கேட்கும்படி செய்து காட்டியவர் இவர். கிளாட் ஷானன் 1948-ல் தகவல் கொள்கையை எழுதத் தொடங்கும்போது, பி.சி.எம். முதலிய புது முறைகளும் இதே பேரத்தைச் செய்வதைத்தான் முதலில் சொன்னார். ஜி.எஸ்.எம். கைபேசிகளின் ஜி.எம்.எஸ்.கே. மாடுலேஷனும் உயரம் மாறாமல் அலைவரிசை மட்டும் அசையும் ரகமே. நம் நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னை வானொலியில் தொடங்கியது.

2001 செப்டம்பர் 11-ல் உலக வர்த்தக மையக் கோபுரம் விழுந்தபோது, அதன் உச்சியில் இருந்த டெலிவிஷன் ஆண்டெனாக்களும் போயின. நியூயார்க் ஸ்டேஷன்கள் சில தற்காலிகமாக ஓடி வந்து டிரான்ஸ்மிட்டர் வைத்த இடங்களில் ஒன்று ஆல்பைனில் மேஜர் கட்டிய அந்தக் கோபுரம்.