ஊருக்கு வந்த அதிகாரம்

ஓர் ஊருக்கு முதலில் தேவைப்படுவது கிணறா, சாலையா? இதனை முடிவு செய்ய வேண்டியவர் தலைநகரில் அமர்ந்திருக்கும் அதிகாரியா, அவ்வூரில் வாழும் மக்களா? இவ்வினாவை நாற்பது ஆண்டுகள் விடாது எழுப்பியவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு.

இவர் 1909ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், பெரிந்தல்மண்ணைக்கு அருகிலுள்ள ஏலங்குளத்தில், செல்வம் மிக்க நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். பேச்சில் திக்கல் இருந்தும் மேடைகளில் பேசினார். விடுதலைப் போரில் சிறை சென்றார். பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, தம் பங்குச் சொத்தை விற்று அவ்வியக்கத்துக்கே அளித்தார்.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் திருவனந்தபுரத்தில் கேரளத்தின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். உடனே நிருவாகச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்து, அதற்குத் தாமே தலைமை தாங்கினார். ஊராட்சிகளை வலுப்படுத்த வேண்டும் என அக்குழு 1958இல் பரிந்துரைத்தது. மாவட்ட மன்றங்களுக்கான சட்ட முன்வரைவும் உருவானது. ஆனால், கல்விச் சட்டத்தையும் நிலச் சீர்திருத்தத்தையும் எதிர்த்துப் பெரும் போராட்டம் எழுந்தது. 1959ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஆட்சி கலைக்கப்பட்டது. முன்வரைவும் சட்டமாகாமல் நின்றது.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. அதன் வழிகாட்டும் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு வயது 87. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. மக்கள் கிராம சபைகளில் கூடித் தம் தேவைகளை வரிசைப்படுத்தினர். பணம் மட்டும் வந்தால் திட்டம் உருவாகிவிடுமா? ஆசிரியர்களும், ஓய்வு பெற்ற பொறியாளர்களும், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் தொண்டர்களும் ஊதியம் கருதாது உதவினர். இம்முயற்சி எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல் சிறக்கவில்லை. எனினும், தம் ஊர்ப் பணத்தின் கணக்கைக் கேட்கும் உரிமையை மக்கள் உணர்ந்தனர்.

1998ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். மறைந்தார்.

மாணவர்களே! குடவோலையால் ஊரவையினரைத் தேர்ந்த உத்திரமேரூர் தமிழர்க்குரியது. ஊரவை நமக்குப் புதிதன்று. கேரள ஊராட்சியில் ஒரு வார்டின் வாக்காளர் அனைவரும் அதன் கிராம சபை உறுப்பினரே. அவர்தம் தாய்மொழி எது என அச்சபை கேட்பதில்லை. ஆதலின், சபை கூடும் நாளை அறிந்து உங்கள் வீட்டுப் பெரியோருக்குச் சொல்லுங்கள்.

சிந்திக்க: உங்கள் தெருவுக்கு முதலில் தேவைப்படுவது எது? ஐந்து தொடர்களில் எழுதுக.